சண்டிலிப்பாய்க்குப் போன பிஸ்கற் பேணி

புதிய சீப்பொன்றின் பற்களின்மேல் அரிசிமா உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டும்போது விரல் நுனியில் உண்டாகும் மெல்லிய எரிவும், முற்றத்து அடுப்பில் காயும் தேங்காய் எண்ணெயின் மணமும், அந்த மணத்தைக் கலைத்துக்கொண்டு கடலிலிருந்து வந்து மோதும் வாடைக்காற்றின் உப்புக் குளிரும் ஒன்றாகச் சேர்ந்தாலன்றி மார்கழி மாதம் பிறந்துவிட்டது என்பதை என் உடம்பு இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.

குருநகர்க் கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பண்டிகையின் பெயர் 'நத்தார்'. கிறிஸ்மஸ் என்பது வாழ்த்து மடல்களில் அச்சிட்டிருந்த சொல். வாயில் வழங்கிய சொல் அன்று. நத்தாருக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எங்கள் முற்றத்தில் கூடிவிடுவார்கள். மா இடிப்பவர், தேங்காய் துருவுபவர், விறகு தள்ளுபவர் என்று ஆளுக்கொரு வேலை இருந்தது. பத்து வயதுப் பிள்ளையான எனக்கும் என் வயதுச் சிறுமிகளுக்கும் வாய்த்தது 'சிப்பி' அமத்தும் வேலை. சீப்பில் அழுத்திச் சுருட்டிய மா, வரிவரியாகக் கடற்சிப்பியைப் போலவே உருவெடுக்கும். எண்ணெயில் பொரிந்து, சீனிப்பாகில் புரண்டு, ஆறியபின் பனி படிந்தது போல வெண்மையாகிவிடும். தலை வாராத புதுச் சீப்பொன்று அதற்கென்றே ஆண்டுதோறும் வாங்கப்படும்.

பாகு காய்ச்சும் வேலையை மட்டும் அம்மா எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என் அம்மா றெஜினா பாகை விரலால் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. அது கொதிக்கும் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்வார். அடுத்த வீட்டிலிருந்த என் தந்தையின் தமக்கை மதலேனா மாமி, எவரையும் எளிதில் புகழாத மனுஷி; அவரே, "இவளுக்கு ஆண்டவர் நாக்கைக் கொண்டுபோய்க் கையிலை வைச்சிட்டார்" என்று சொல்வதுண்டு. சுவாமியார் வாழும் குருமனைக்கும், வாத்திமார் வீடுகளுக்கும், ஒழுங்கையில் கலியாணம் முடித்துப் போன பெண்களின் புகுந்த வீடுகளுக்கும் அம்மாவின் பலகாரமே போகும். எங்களிடம் பெரிய வள்ளமோ கல்வீடோ இருந்ததில்லை. இந்தக் கைப்பதமே எங்கள் குடும்பத்தின் பெருமை. அதை நான் அன்றும் அறிந்திருந்தேன். இன்றும் தலைநிமிர்ந்து எழுதுகிறேன்.

இந்தப் பெருமைக்கு ஒரேயொரு வேலி இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், நத்தார்ச் சந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணம் பெரியகடை வீதியில் மார்கழி நடுவில் தொடங்கும் அந்தச் சந்தையை அந்நாளில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடைபாதை முழுவதும் சாக்கு விரித்துப் பரப்பிய கடைகள். நட்சத்திர வெளிச்சக்கூடு கட்டுவதற்கான நிறநிறமான மெல்லிய கடுதாசிகள். பாலன் குடிலில் வைக்கும் சூசையப்பர், மரியாள், இடையர், ஒட்டகம் ஆகிய சுண்ணச் சுரூபங்கள். கண்ணாடி வளையல், ஊதுகுழல், சீனவெடி. தீவுப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்திறங்கி ஈரத்தோடு மணக்கும் சவுக்கங் கொப்புகள். துணிக்கடை வாசல்களில் சோனகத் தெரு வியாபாரிகள், "அக்கா, உங்கடை ஒழுங்கைக்கெண்டே ஒரு கட்டு ஒளிச்சு வைச்சிருக்கிறன்" என்று ஒவ்வோர் ஒழுங்கைப் பெண்ணிடமும் சொல்வார்கள். சந்தையின் வடக்கு ஓரத்தில் வலிகாமத்துக் கமக்காரரின் மாட்டுவண்டிகள் வரிசையாக நிற்கும். கத்தரியும் பூசணியும் கதலிக் குலைகளும் குவித்த அந்த வண்டிகளில் ஒன்று, சண்டிலிப்பாய்த் தம்பிராசா அண்ணையினுடையது.

தம்பிராசா அண்ணை எங்களுக்கு உறவல்லர், எங்கள் சமயத்தவருமல்லர். சண்டிலிப்பாயில் புகையிலையும் வாழையும் செய்த சைவக் குடும்பத்தவர். வாடை பிறந்தால் கடல் கரையில் ஒதுக்கும் 'சாதாளை' என்ற கடற்புல், தோட்டத்துக்கு நல்ல பசளை. என் தந்தை அந்தோனிப்பிள்ளை அதை அவருக்கெனக் கரையில் குவித்து வைப்பார். அவர் வண்டி கட்டி வந்து ஏற்றிச் செல்வார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு நட்பு முளைத்தது. ஆண்டுதோறும் நத்தாருக்கு இரண்டு நாள் முன்பாக, சந்தை வியாபாரம் முடித்துத் திரும்பும் வழியில், அவர் எங்கள் வாசற் படலையில் வண்டியை நிறுத்தி, பழுக்கத் தொடங்கிய நீளக் கதலிக் குலையொன்றை இறக்கி வைப்பார். பதிலுக்கு அம்மா கொடுப்பது தகரத்தாலான ஒரு பிஸ்கற் பேணி. அதுவும் கடையிலிருந்து வந்தபடியே, மூடியைச் சுற்றி ஒட்டிய கடுதாசிப் பட்டி கிழியாத பேணி.

ஊரெல்லாம் அம்மாவின் பலகாரத்தைத் தேடி வரும்போது, நல்ல நண்பருக்கு மட்டும் ஏன் கடைப் பிஸ்கற் என்று வாசகர் கேட்கலாம். அக்காலத்து வழக்கம் அது. தோட்டக்காரர் வீட்டுக்கு, மீன்பிடிச் சாதியினரான கரையாரிடமிருந்து பச்சையாகவுள்ள பொருள் போகலாம். கடையில் முத்திரையிட்ட பொருள் போகலாம். கரையார் வீட்டு அடுப்பில் வெந்தது போகலாகாது. இதை எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாமலே அனைவருக்கும் தெரிந்திருந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்த ஒரு நத்தாரில் அம்மா அந்த வழக்கத்தை மீறிப் பார்த்திருக்கிறார். ஒரு தட்டு நிறையச் சிப்பியும் பயத்தம் உருண்டையும் அடுக்கி, வாழையிலையால் மூடி, தம்பிராசா அண்ணையின் கையில் கொடுத்திருக்கிறார். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். சற்று நேரத்தின்பின் மீன் கொண்டு போன என் தந்தை, கடற்கரை வீதித் திருப்பத்தில், அந்தத் தட்டிலிருந்த பலகாரத்தை அவர் தம் வண்டி மாடுகளுக்கு ஊட்டிக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டார். கண்டதை மறைக்கத் தெரியாத மனிதர் என் தந்தை. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். அம்மா அழவில்லையாம், ஏசவில்லையாம். "கடைக்காரன்ரை கைபட்டது மனிசருக்கு, என்ரை கைபட்டது மாட்டுக்கு. சரி, விளங்கீட்டுது" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த நத்தாரிலிருந்து பிஸ்கற் பேணி தொடங்கியது. அதிலும் அம்மா தம் கௌரவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. குடை பிடித்த வெள்ளைக்காரச் சீமாட்டியின் படம் போட்ட பெரிய பேணியே கொடுப்பார். அது தீர்ந்துவிடுமென்று சந்தை கூடிய முதல் நாளே வாங்கி வந்து அலுமாரியின்மேல் வைத்துவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் வெறும் பிஸ்கற் பேணியை எறிந்த வீடு எதுவுமில்லை. குருமனையில் வெறுமையான பேணிகளைக் கேட்டு வாங்கி, அம்மா அவற்றில் பலகாரம் நிரப்பி வைப்பார். மார்கழி மழையின் ஈரம் பட்டால் சிப்பி நமத்துப் போகும் என்பதற்காக, மூடியைச் சுற்றிக் கடுதாசியை நாடாவாகக் கிழித்துக் கோதுமைமாப் பசையால் ஒட்டியும் விடுவார். ஆகவே அந்த ஆண்டு எங்கள் அலுமாரியின்மேல் இரண்டு பேணிகள் இருந்தன. இரண்டிலும் அதே சீமாட்டி, அதே குடை, மூடியைச் சுற்றி அதே போன்ற பட்டி.

அன்று தம்பிராசா அண்ணை வந்த நேரம், அம்மா பாகின் முன்னால் குந்தியிருந்தார். மழை கறுத்துக்கொண்டு வந்தது. மாடுகள் பொறுமையின்றிக் காலை மாற்றின.

"பிள்ளை திரேசா, அம்மாட்டைச் சொல்லு, நான் நிண்டு கதைக்க நேரமில்லை. மழைக்கு முன்னம் மானிப்பாய் தாண்டவேணும்" என்றார் அவர், குலையை இறக்கி வைத்தபடி.

அம்மா அடுப்பிலிருந்து தலை திருப்பாமலே, "எடியே, அலுமாரிக்கு மேலை இருக்கிற பேணியைக் கெதியாய் எடுத்துக் குடு. நான் எழும்பினால் பாகு கல்லாப்போம்" என்று கத்தினார்.

நான் முக்காலியில் ஏறினேன். இரண்டு பேணிகள் இருப்பதைக் கண்டேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், மற்றதைத் தூக்கிப் பார்த்தேன். நத்தாருக்குக் கொடுப்பது கனமாக இருக்கவேண்டும், அதுதான் எங்கள் வீட்டுக்கு மரியாதை என்று எண்ணினேன். கனமான பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் வண்டியில் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமிதத்தோடு நான் ஒரு பிழையைச் செய்ததில்லை.

பொழுது சாயும் வேளையில் மதலேனா மாமியின் வீட்டுக்கு விருந்தினர் வந்துவிட, அவர் ஒரு கோப்பையோடு பலகாரம் கேட்டு வந்தார். அம்மா அலுமாரியின்மேலிருந்த பேணியை இறக்கி, பட்டியைக் கிழித்து, மூடியைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் கடைப் பிஸ்கற்.

மாமி எட்டிப் பார்த்தார். "இதென்னடி றெஜினா? ராவோடை ராவாய்ச் சிப்பி பிஸ்கற்றாய் மாறீட்டுதோ? கானாவூரிலை ஆண்டவர் தண்ணியை ரசமாக்கின புதுமை மாதிரிக் கிடக்குது."

அம்மா மாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. அடிப்பார் என்று எதிர்பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன், அவர் அடிக்கவில்லை. அடுக்களை நிலையில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் தந்தை விசயத்தைக் கேட்டுவிட்டு, "போனது போட்டுது, விடன். அவன் மாட்டுக்குத்தானே வைப்பான். மாடுகள் ஒரு நத்தார் கொண்டாடட்டும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்ன பகிடி. ஆனால் அம்மாவின் முகம் இறுகியது.

"மேலைதான் சிப்பி. கீழ்த்தட்டிலை கேக் வைச்சனான், முட்டை போட்ட கேக். உங்கை அவைக்குத் திருவெம்பாவை நடக்குது."

எங்கள் தந்தையின் கை வலையில் நின்றது. அந்த ஆண்டு நத்தாரும் சைவர்களின் திருவெம்பாவைப் பத்து நாள்களும் ஒன்றோடொன்று கலந்து வந்திருந்தன. விடியலில் நீராடிக் கோயிலுக்குப் போய், மரக்கறி மட்டும் உண்டு விரதம் காக்கும் வீட்டில் முட்டையின் வாசமும் படலாகாது.

"மாட்டுக்கு வைச்சால் எனக்கு இன்னொருக்கா அவமானம். மனிசர் திண்டால் அவையின்ரை விரதம் போச்சு. ரெண்டிலை எது நடந்தாலும் நான் போய்ச் சொல்லவேணும்" என்றார் அம்மா.

"விசரே உனக்கு? அந்த வீட்டு வாசலுக்கு ஒரு நாளும் போகாதனீ, போய் என்னெண்டு சொல்லுவாய்?" என்றார் மாமி.

"முட்டை கிடக்குது எண்டு சொல்லுவன். வேறை என்ன சொல்ல?"

மறுநாள், நத்தாருக்கு முதல் நாள் காலை, அம்மா நத்தார்ப் பூசைக்கென மடித்து வைத்திருந்த புதுச் சீலையை எடுத்து உடுத்தார். புதுச் சீலையைப் பண்டிகைக்கு முன்பே உடுத்த என் தாயை நான் கண்டது அந்த ஒருமுறைதான். எனக்கும் தலை இழுத்து, பழைய சட்டையில் நல்லதைப் போட்டுவிட்டார். கடைப் பேணியைக் கிழிந்த பட்டியோடு கையில் எடுத்துக்கொண்டு, மானிப்பாய் வீதியால் போகும் பஸ்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சண்டிலிப்பாய்ச் சந்தியில் இறங்கி, மழையில் நனைந்த செம்மண் ஒழுங்கையில், இருபுறமும் புகையிலைக் கன்றுகள் நிமிர்ந்து நின்ற தோட்டங்களுக்கிடையே நடந்தபோது, "தலையைக் குனியாதை. நாங்கள் பிழை சொல்ல வரேல்லை, உண்மை சொல்ல வந்தனாங்கள்" என்றார்.

தம்பிராசா அண்ணையின் வீட்டுப் படலையில் அம்மா நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. குரல் கொடுத்ததும், நெற்றியில் திருநீறு துலங்க ஒரு பெண் வந்தார். அவரை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. தம்பிராசா அண்ணையின் மனைவி பறுவதம் அவர்தான் என்று முகம் பார்த்தே அம்மா அறிந்துகொண்டார். அவரும் எங்களை அவ்வாறே அறிந்துகொண்டார்.

"நீங்கள் றெஜினாக்கா எல்லே? ஏன் படலையிலை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ."

"உள்ளுக்கை வாறது கிடக்கட்டும், தங்கச்சி. நேற்று வந்த பேணி மாறி வந்திட்டுது. இவள் சின்னவள் தெரியாமல் குடுத்திட்டாள். அதுக்குள்ளை கடைப் பிஸ்கற் இல்லை; நான் செய்த பலகாரம். அடியிலை கிடக்கிற கேக்கிலை முட்டை கிடக்குது. விரத வீடு, அதைத் தொடாதேங்கோ. சிப்பியிலை முட்டையில்லை. அதையும் என்ன செய்யிறதெண்டது உங்கடை விருப்பம்." அம்மா இதை ஒரே மூச்சில், பூசையில் வாசகம் வாசிப்பவர் போலச் சொல்லி முடித்தார்.

பறுவதம் அவர்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"உதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? கேக் எண்டால் மணத்திலையே பிடிச்சிட்டன். தனியக் கட்டி வைச்சிருக்கிறன், திருவெம்பாவை முடியப் பிள்ளையள் தின்னட்டும். சிப்பியைப் பற்றிக் கேளாதேங்கோ. பேணிக்கு அடி தெரியுது!"

அவருக்குப் பின்னாலிருந்து என் வயதுச் சிறுமியொருத்தி, அவர்களின் மகள் கமலா, எட்டிப் பார்த்தாள். அவளுடைய மேலுதட்டில் சீனி வெண்மையாகப் படிந்திருந்தது.

"ஆற்றை கை எண்டு தெரிஞ்சோ திண்டனீங்கள்?" அம்மாவின் குரல் தணிந்துவிட்டது.

"சீப்படையாளம் போட்ட சிப்பியை எந்தக் கடைக்காரன் பேணியிலை அடைச்சு விக்கிறான்? திறந்த உடனை தெரியும். இவற்றை தாய், என்ரை மாமி, ரெண்டு திண்டாப் பிறகு, ஆர் செய்ததெண்டு கேட்டா. சொன்னன். பேணியை ஒருக்கா உத்துப் பாத்தா. பிறகு மூண்டாவதுக்குக் கையை நீட்டினா." சொல்லிவிட்டு, கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டார்: "அக்கா, கையிலை இப்பிடி ஒரு பதத்தை வைச்சுக்கொண்டு ஏன் வருசா வருசம் கடைப் பிஸ்கற் தந்தனீங்கள்?"

அம்மா மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில் தலைக்கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்ற தம்பிராசா அண்ணையைப் பார்த்தார். அவர் எங்களைக் கண்டதிலிருந்தே அங்குதான் நின்றிருக்கவேண்டும்.

"அவரைக் கேளுங்கோ" என்றார்.

அந்த மனிதர் மறைக்கவில்லை. அதை அவருடைய பெருமையாக நான் இன்றும் சொல்வேன். நிலத்தைப் பார்த்தபடி, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தட்டுப் பலகாரத்தைத் தாம் வீட்டுக்குக் கொண்டுவராமல் வழியில் மாடுகளுக்கு ஊட்டியதைச் சொன்னார். "அம்மா என்ன சொல்லுவாவோ, ஊர் என்ன சொல்லுமோ எண்டு பயந்திட்டன். அதை அந்தோனிப்பிள்ளை கண்டதும் எனக்குத் தெரியும். அவர் கேக்கேல்லை, நானும் கதைக்கேல்லை."

"அதுதான் அந்தச் சிவலை மாடு சாகுமட்டும் மார்கழி வந்தால் கடற்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு நிண்டது!" என்றார் பறுவதம். "எனக்கும் பிள்ளையளுக்கும் வந்ததை மாட்டுக்குக் குடுத்திட்டு, வாயைத் துடைச்சுக்கொண்டு வந்து நிண்டனீங்கள் என்ன? மாமியின்ரை பேரைச் சொல்லாதேங்கோ. மாமி நேற்று மொத்தம் நாலு திண்டவ."

கமலா சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"தங்கச்சி, உங்களுக்குச் சிரிக்கலாம். நான் இத்தினை வருசமும் முதல் நாளே சந்தைக்குப் போய்ப் பட்டி கிழியாத பேணி தேடினனான். அண்ணை, உங்களிலை எனக்குக் கோவமில்லை. ஆனால் இனி நான் பேணியிலை தரமாட்டன். அடுத்த நத்தாருக்குத் தட்டிலை தருவன், மூடாமல் தருவன். ஏலாதெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ."

"தாங்கோ றெஜினா" என்றார் அவர்.

"எங்கை வைச்சுத் தர?"

"நீங்கள் சொல்லுற இடத்திலை."

"சந்தையிலை" என்றார் அம்மா. "உங்கடை வண்டிலடியிலை."

தம்பிராசா அண்ணை நிமிர்ந்து பார்த்தார். சந்தையின் வடக்கு ஓரமென்றால் சண்டிலிப்பாய், அளவெட்டி வண்டிகள் அனைத்தும் நிற்குமிடம். அவருடைய ஊரவர் அத்தனை பேரும் பார்க்குமிடம். கையிலிருந்த கயிற்றைக் கொட்டில் தூணில் கட்டிவிட்டு, "ஓம்" என்றார்.

பறுவதம் அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி கையைப் பிடித்து வற்புறுத்தினார். அம்மா பேணியை அவர் கையில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி அடுத்தமுறை வந்து குடிக்கிறன், தங்கச்சி. கட்டாயம் குடிப்பன்" என்று சொல்லிப் படலையிலிருந்தே திரும்பினார். கணவனின் 'ஓம்' எத்தனை நாள் நிலைக்கும் என்று பார்க்காமல் அந்த வீட்டில் நீர் அருந்த அவர் ஆயத்தமாக இல்லை என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

அந்த ஓராண்டும் எங்கள் வீட்டில் இதைப் பற்றி எவரும் பேசவில்லை. சாதாளை ஏற்றவும் தம்பிராசா அண்ணை வழக்கம்போல வந்து போனார். மறு மார்கழியில் நத்தார்ச் சந்தை கூடியபோது அம்மா பேணி வாங்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். நத்தாருக்கு இரண்டு நாள் முன்பாக, முற்பகல் வேளையில், வீட்டிலிருந்த பெரிய பித்தளைத் தட்டைப் புளி போட்டு மினுக்கி, அதில் சிப்பியைக் கோபுரமாக அடுக்கினார். முட்டை சேர்ந்த எதையும் அதில் வைக்கவில்லை. என் தந்தை, "ஒரு துணியாவது போட்டு மூடு, தூசி விழும்" என்றார். "விழட்டும்" என்றார் அம்மா.

பெரியகடை வீதியில் எள் விழ இடமில்லாத கூட்டம். அம்மா தட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சு உயரத்தில் ஏந்தி நடுவீதியால் நடந்தார். நானும் மதலேனா மாமியும் பின்னால் நடந்தோம். ஊதுகுழல் விற்றவர் ஊதுவதை நிறுத்தினார். சோனகத் தெருத் துணி வியாபாரி, "அக்கா, இது ஆருக்கு? எங்களுக்கில்லையோ?" என்று கேட்டார். "உங்களுக்கு நாளைக்கு, தம்பி. இது சண்டிலிப்பாய்க்கு" என்று சந்தைக்கே கேட்கும்படி அம்மா பதில் சொன்னார்.

வண்டிகளின் வரிசையில் பேச்சு அடங்கியது. தம்பிராசா அண்ணை பூசணிக்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அவருடைய முகம் வெளிறியிருந்ததை நான் கண்டேன். பக்கத்து வண்டியிலிருந்த ஒருவர், "என்ன தம்பிராசா, கரைப் பலகாரமோ?" என்று இழுத்தார். அந்தக் குரலில் பகிடியும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

அம்மா தட்டை நீட்டியபடி நின்றார். தட்டின் பாரத்தைத் தாங்க நான் கை நீட்டினேன். "தொடாதை" என்றார்.

தம்பிராசா அண்ணை ஒரு சிப்பியை எடுத்தார். முதுகைக் காட்டித் திரும்பவில்லை, குனியவுமில்லை. கேள்வி கேட்டவரை நேரே பார்த்தபடி, கடித்து, மென்று, விழுங்கினார். சிப்பி நொறுங்கிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஓமடாப்பா, கரைப் பலகாரந்தான். போன வருசம் உன்ரை கொப்பற்றை தமக்கை நாலு திண்டவ. உனக்கு வேணுமெண்டால் கேள், வேண்டாமெண்டால் பேசாமல் பூசணிக்காயை வில்" என்றார். கேள்வி கேட்டவர் தம்பிராசா அண்ணையின் தாய்மாமனின் மகனாம். அந்தத் தமக்கை தம்பிராசா அண்ணையின் சொந்தத் தாயாம். வண்டிக்காரர் சிலர் சிரித்தனர். ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டைத் தடவினார். அளவெட்டியிலிருந்து வந்த ஓர் இளைஞர் கையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். உலகம் அன்று புரண்டுவிடவில்லை. ஆனால் தட்டின் பாதி அந்த வண்டியடியிலேயே தீர்ந்தது. மிச்சத்தைத் தம்பிராசா அண்ணை தம் சால்வையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

தைப்பொங்கலன்று சண்டிலிப்பாய்க்குப் போய் அம்மா வாக்களித்த தேநீரைக் குடித்தார். அதற்குப் பிந்திய காலத்தில், போரினால் கரையில் குடியிருக்க முடியாதபடி எங்கள் ஊர் வெறிச்சோடிப் போன நாள்களில், நாங்கள் பதினொரு பேர் தஞ்சமடைந்தது அந்த வீட்டில்தான். அங்கே இரண்டு குடும்பங்களுக்கும் ஓரடுப்பு. அந்த அடுப்பில் அரைவாசி நாள் சமைத்தவர் என் அம்மா. யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அம்மாவும், தம்பிராசா அண்ணையும், பறுவதம் அவர்களும் இன்று இல்லை. பெரியகடை வீதியில் இன்றும் நத்தார்ச் சந்தை கூடுகிறது. முன்னரிலும் பெரிதாகவே கூடுகிறது. மின்விளக்குச் சரங்களும், மடக்கி விரிக்கும் பிளாஸ்ரிக் மரங்களும், சிவப்புத் தொப்பிகளும் குவிந்து கிடக்கின்றன. மாட்டுவண்டி வருவதில்லை. சாதாளை கரையில் வீணே காய்கிறது. இவற்றுக்காக நான் பெரிதாக வருந்தவில்லை. காலம் எடுத்துச் சென்றவற்றுள் எடுத்துச் செல்லவேண்டியதும் ஒன்று இருந்தது: எவரும் வாய் திறந்து சொல்லாத அந்த வழக்கம். அது நாடெங்கும் முற்றாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். கலியாணப் பேச்சு வரும்போது அது எங்கிருந்தோ எழுந்து வந்து வாசலில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் இரண்டு வீடுகளுக்கிடையில் அது இல்லை. அவ்வளவை நான் உறுதியாகச் சொல்வேன்.

சென்ற நத்தாருக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த என் தம்பியின் மகன், அங்கே வைத்தியராக இருப்பவன், சந்தைக்கு என்னோடு வந்தான். ஓய்வுபெற்ற ஆசிரியையான கமலாவை அங்கே சந்தித்துத் தட்டைக் கொடுப்பது எங்கள் இருவருக்கும் இன்றுவரை வழக்கம். நடந்து போகும்போது இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டபின் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "மாமி, அவை ஏன் முதலிலை சாப்பிடேல்லை? சீனி வருத்தமே?" என்று நீரிழிவு நோயை நினைத்துக் கேட்டான்.

வேறொரு காரணம் அவன் மனத்தில் தோன்றவில்லை. நான் விளக்கத் தொடங்கி, நிறுத்தினேன். எதிரே கூட்டத்துக்குள்ளிருந்து கமலா கையை உயர்த்தி, "கெதியாய் வா திரேசா, பசிக்குது!" என்று சந்தைக்கே கேட்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.